பழைய வாட்டர் ஹீட்டர் மக்கர் செய்தால்: அடுக்குமாடிக் குடியிருப்புக்கான பிழை நீக்கும் வழிமுறை

அடுக்குமாடிக் குடியிருப்பில் ஹீட்டர் பழுது என்று யார் கூப்பிட்டாலும் முதலில் இரண்டு கேள்விகள்தான் கேட்பேன். எத்தனையாவது மாடி? ஹீட்டர் எந்த வருடத்தது? பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும். கட்டடம் ஒப்படைத்த வருடத்தில் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி ஹீட்டரை மாட்டியிருப்பார்கள். தண்ணீரும் ஒன்று, வயதும் ஒன்று. ஒரு வீட்டில் டேங்க் ஓட்டையானால் மற்ற வீடுகளும் வரிசையில் நிற்கின்றன என்று பொருள். மாடியைக் கேட்பது அழுத்தத்துக்காக. மேல்தொட்டியிலிருந்து கீழே இறங்க இறங்க 10 மீட்டருக்குச் சுமார் 1 பார் வீதம் தண்ணீரின் அழுத்தம் கூடிக்கொண்டே போகும்.

மூன்றாவதாக, மேல் வீட்டிலும் கீழ் வீட்டிலும் இதே தொந்தரவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் உங்கள் ஹீட்டரைக் கழற்றாதீர்கள். கோளாறு பொதுக் குழாயிலோ பம்பிலோ இருக்கும்.

## கை வைக்கும் முன்

சுவர் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. வயரிங் மாறியிருந்தால் அது நியூட்ரலை மட்டும் வெட்டிக்கொண்டிருக்கும். ஹீட்டருக்கான எம்சிபியை (மின்பெட்டியில் இருக்கும், சுமை மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்) இறக்குங்கள், மூடியைத் திறந்ததும் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். பிறகு உள்ளே வரும் பச்சைத்தண்ணீர் வால்வை மூடி, சுடுநீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். டேங்க்கைக் காலி செய்வதென்றால் ஆறவிட்டுச் செய்யுங்கள். 60 டிகிரி தண்ணீர் சில நொடிகளிலேயே தோலை வேகவைத்துவிடும்.

## அறிகுறி: சூடே ஏறவில்லை

எம்சிபி, ஸ்விட்ச், பிளக். 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். திருகு லேசாக லூஸாக இருந்தாலும் அந்த இடம் சூடாகும். பிளக்கைப் பிடுங்கிப் பின்களைப் பாருங்கள். ஒரு பின் மட்டும் கறுத்திருந்தால், சாக்கெட்டின் ஓரம் பழுப்பேறி வளைந்திருந்தால், ஹீட்டரில் கோளாறில்லை. பிளக்கையும் சாக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய சாக்கெட்டில் புதுப் பிளக்கைச் செருகினால் அதுவும் கருகிவிடும்.

கட்-அவுட். மூடிக்குள் சிறிய சிவப்புப் பொத்தான் இருக்கும். தண்ணீர் அளவுக்கு மீறிக் கொதித்தால் அது வெளியே துள்ளி மின்சாரத்தை வெட்டிவிடும். எம்சிபி இறங்கிய நிலையிலேயே ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். மறுபடி துள்ளினால் திரும்பத் திரும்ப அமுக்க வேண்டாம். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு அணைய மறுக்கிறது, அல்லது உப்புப் படிவம் சென்சார் குழாயைப் போர்த்திவிட்டது என்று அது சொல்கிறது. கட்-அவுட்டை நேர்வயர் போட்டு இணைத்து வைத்த ஹீட்டர்களை நான் பார்த்திருக்கிறேன். அது உயிரோடு விளையாடுவது. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் அந்த ஹீட்டரை அன்றே நிறுத்திவிடுங்கள்.

எலிமென்ட். தண்ணீரைச் சூடாக்கும் பாகம் இது. ஒரு முனையின் வயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 230 வோல்ட்டுக்கான 2000 வாட் எலிமென்ட் என்றால் 26 ஓம் சுற்றிக் காட்டும், 3000 வாட் என்றால் 17 அல்லது 18. மீட்டர் எதையுமே காட்டாவிட்டால் எலிமென்ட் அறுந்துவிட்டது.

தெர்மோஸ்டாட். எலிமென்ட் சரியான ஓம் காட்டுகிறது, ஆனால் அதன் முனைக்கு மின்சாரம் வரவில்லை என்றால் பழுது இங்கேதான். மின்சாரத்தை உயிரோடு வைத்து அளக்க வேண்டிய சோதனை இது. பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீசியனிடம் விட்டுவிடுங்கள்.

மேல்தொட்டி கழுவிய மறுநாள் பல வீடுகளிலிருந்து இதே புகார் வந்தால் காரணம் வேறு. உள்வரும் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு இல்லாத ஹீட்டர்களில், பொதுக்குழாய் காலியாகும்போது டேங்க் தண்ணீரும் பின்னோக்கி இறங்கிவிடும். அந்த நேரத்தில் ஸ்விட்ச் போட்டிருந்தால் எலிமென்ட் வெறும் காற்றில் எரிந்து போகும். தொட்டி கழுவும் அறிவிப்பிலேயே "ஹீட்டரை அணைத்து வையுங்கள், சுடுநீர்க் குழாயில் தண்ணீர் சீராக வந்த பிறகே போடுங்கள்" என்ற வரியைச் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும்.

## அறிகுறி: சூடு வருகிறது, ஆனால் போதவில்லை

இந்தப் புகாரில் ஹீட்டருக்குச் சம்பந்தமே இல்லாமல் போவது அதிகம். அதனால் வெளியிலிருந்து தொடங்குங்கள்.

ஷவர் மாறியதா? 25 லிட்டர் டேங்க்கில் 60 டிகிரி தண்ணீர் நிறைந்திருந்தால், 25 டிகிரி பச்சைத்தண்ணீரோடு கலந்து 40 டிகிரியில் குளிக்க, கணக்குப்படி 58 லிட்டர் வரை கிடைக்க வேண்டும். டேங்க்குக்குள் பச்சைத்தண்ணீர் கலப்பதால் நடைமுறையில் அதைவிடக் குறையும். நிமிடத்துக்கு 12 லிட்டர் கொட்டும் அகல ஷவரை மாட்டினால் நாலைந்து நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். ஹீட்டரில் குறையில்லை.

பச்சைத்தண்ணீர் ஊடுருவுகிறதா? ஹீட்டருக்குள் போகும் வால்வை முழுதாக மூடுங்கள். வீட்டிலுள்ள ஏதாவது ஒரு சுடுநீர்க் குழாயை மட்டும் திறந்து வையுங்கள். கொஞ்சம் வடிந்து நின்றுவிட வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், எங்கோ ஒரு மிக்சர் (சுடுநீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்து தரும் குழாய்) வழியாகப் பச்சைத்தண்ணீர் சுடுநீர்க் குழாய்க்குள் புகுகிறது. கைஷவரின் முனையை மட்டும் மூடிவிட்டு மிக்சரைத் திறந்தே வைக்கும் பழக்கம் இதற்கு முதல் காரணம். அடுத்தது, தேய்ந்த ஒற்றைப்பிடி மிக்சரின் கார்ட்ரிட்ஜ். ஒவ்வொரு மிக்சரின் அடியிலும் உள்ள ஆங்கிள் வால்வை ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தால் எது என்று பிடிபடும்.

குழாய் மாறியிருக்கிறதா? அண்மையில் பிளம்பிங் வேலை நடந்திருந்தால் இதைப் பாருங்கள். நீல வளையம் உள்ளே போகும் வழி, சிவப்பு வெளியே வரும் வழி. மாற்றி மாட்டினால் ஒரு வாளி சூடாக வந்து உடனே வெதுவெதுப்பாகிவிடும். எந்த வேலையும் நடக்காமலே இப்படி ஆனால், டேங்க்குக்குள் இருக்கும் நீளக் குழாய் ஒடிந்திருக்கும்.

வோல்டேஜ். 230-க்குப் பதில் 200 வோல்ட் வந்தால் சூடேறும் வேகம் ஏறக்குறைய கால் பங்கு குறையும். ஹீட்டர் ஓடும்போது அளந்து பாருங்கள். காலை நேரத்தில் மட்டும் குறைகிறது, பல வீடுகளிலும் குறைகிறது என்றால் கட்டடத்தின் மின்தடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

எலிமென்ட்டில் படிவம், அல்லது இரண்டில் ஒன்று போனது. பெரிய டேங்க்குகளில் மேலொன்று கீழொன்று என இரண்டு எலிமென்ட் இருக்கும். கீழது போனால் முதலில் நல்ல சூடு, பிறகு சட்டென்று குளிர். மேலது போனால் அநேகமாகச் சூடே வராது.

ஒரு நேரக் கணக்கு உதவும். 25 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற 2000 வாட் எலிமென்ட்டுக்கு அரை மணி நேரம் ஆகும். ஒரு மணியைத் தாண்டினால் உள்ளே திறந்து பார்க்க வேண்டிய வேளை வந்துவிட்டது.

## அறிகுறி: டிரிப் ஆகிறது, அல்லது குழாயில் ஷாக் அடிக்கிறது

ஷாக் என்றால் சோதனை எதையும் தொடங்காதீர்கள். ஹீட்டரின் எம்சிபியை இறக்குங்கள், குளியலறையைப் பூட்டுங்கள், எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். உங்கள் வீட்டு மெயினையே அணைத்த பிறகும் குழாயில் டெஸ்டர் எரிந்தால், மின்சாரம் வேறு வீட்டிலிருந்து இரும்புக் குழாய் வழியாக வருகிறது. உடனே நிர்வாகக் குழுவுக்குத் தெரிவித்து அந்தக் குழாய்வரிசையில் உள்ள எல்லா வீட்டு ஹீட்டர்களையும் அணைக்கச் சொல்லுங்கள். "எங்கள் வீட்டில் ஒன்றுமில்லையே" என்பவர் வீட்டில்தான் பழுது இருக்கக்கூடும்.

டிரிப் மட்டும் என்றால் எது விழுகிறது என்று முதலில் பாருங்கள்.

*எம்சிபி உடனே விழுகிறது:* ஷார்ட். பிளக், வயர், முனைகள் என்ற வரிசையில் பாருங்கள். ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கியும் விழுந்தால் கோளாறு சுவருக்குள்.

*எம்சிபி பத்து இருபது நிமிடம் கழித்து விழுகிறது:* லூஸ் இணைப்பால் சூடாகிறது, அல்லது அந்த எம்சிபியிலேயே வேறு சுமையும் தொங்குகிறது.

*ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் விழும் ஸ்விட்ச்) உடனே விழுகிறது:* எலிமென்ட் வெடித்து உள்ளே தண்ணீர் புகுந்திருக்கும், அல்லது கீழ் மூடிக்குள் தண்ணீர் சொட்டியிருக்கும். மூடியைத் திறந்ததும் தெரியும்: முனைகளில் பச்சை பூத்திருக்கும், வயரின் நுனியில் வெள்ளைத் தூள் படிந்திருக்கும்.

*ஆர்சிசிபி சூடேறிய பிறகு விழுகிறது:* எலிமென்ட்டின் உறையில் மயிரிழை விரிசல். சாதாரண மல்டிமீட்டர் இதைக் காட்டிக்கொடுக்காது. 500 வோல்ட் மெக்கர் (மின்கசிவைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்க வேண்டும். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் எலிமென்ட்டை மாற்றிவிடுங்கள்.

30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி விழுவது உங்களைக் காப்பாற்றத்தான். தொந்தரவு தாங்காமல் அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்த வீடு எதுவானாலும், ஹீட்டருக்கு முன் அதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

## அறிகுறி: ஒழுகுகிறது

கட்டடத்தில் இதுதான் பெரிய தலைவலி, ஏனென்றால் நஷ்டம் கீழ்வீட்டின் தலையில் விழுகிறது. எங்கிருந்து ஒழுகுகிறது என்பதே முழு விடை. உலர்ந்த துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரைச் சுற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். எது முதலில் நனைகிறதோ அதுதான் ஊற்று. பச்சைத்தண்ணீர்க் குழாயின் வெளிப்பக்கம் மட்டும் முழுதும் வியர்த்திருந்தால் அது ஒழுகலல்ல, காற்றின் ஈரம்.

குழாய் இணைப்பு. வளையும் குழாயின் வாஷர் போயிருக்கும். சல்லிசான வேலை. குழாயின் மேலுள்ள கம்பிப் பின்னலில் துரு தெரிந்தால் குழாயையே மாற்றுங்கள். பின்னல் வெடித்தால் வீடு முழுதும் வெள்ளம்.

பாதுகாப்பு வால்வு. இதைத்தான் நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது சுமார் ஒன்றரை சதவீதம் விரிகிறது. 25 லிட்டர் டேங்க்கில் அது ஒரு டம்ளருக்கு மேல். நான்-ரிட்டர்ன் வால்வு பின்னால் போக விடாததால் அந்த நீர் பாதுகாப்பு வால்வு வழியாகச் சொட்டும். சூடேறும்போது சொட்டி, ஆறியதும் நின்றால் எல்லாம் சரியாக இருக்கிறது. அந்த வாயை மூடி போட்டு அடைக்கவே கூடாது. வழியில்லாத அழுத்தம் டேங்க்கைப் பிளந்துவிடும். சிறு குழாய் மாட்டித் தரைவடிகாலுக்குக் கொண்டுபோங்கள்.

ஹீட்டரை அணைத்த பிறகும் இரவெல்லாம் சொட்டினால் இரண்டு வாய்ப்பு. வால்வின் இருக்கையில் உப்பு சிக்கியிருக்கலாம். நெம்புகோலை ஓரிரு முறை தூக்கி விட்டுப் பாருங்கள், தண்ணீர் பீறிட்டு வந்து தூசியை அடித்துக்கொண்டு போகும். அப்படியும் நிற்காவிட்டால் குழாயில் பிரஷர் கேஜ் மாட்டி அளந்து பாருங்கள். மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்தால் 20 மாடிக்குக் கீழே 6 பார் நிற்கும். பம்ப் நிற்கும்போது எழும் அதிர்ச்சி இதற்கும் மேல். வால்வின் மேல் பொறித்திருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கீழ்மாடிகளில் பல வீடுகளில் ஒரே வாரத்தில், அதுவும் தண்ணீர்ப் புழக்கம் குறைந்த நள்ளிரவில் சொட்டத் தொடங்கினால், ஹீட்டர் எதுவும் கெடவில்லை. பொதுக்குழாயின் அழுத்தக் குறைப்பு வால்வு பழுதாகிவிட்டது. வீட்டுக்கு வீடு புது பாதுகாப்பு வால்வு வாங்கி மாட்டுவது வீண். அந்த ஒன்றைப் பழுது பார்த்து 3 முதல் 4 பாருக்குள் வைத்தால் எல்லாம் அடங்கும். சங்கத்தின் பிளம்பர் செய்ய வேண்டிய வேலை இது.

எலிமென்ட் பொருந்தும் ஃபிளான்ஜ், அதாவது போல்ட்டால் முறுக்கிய மூடித்தட்டு. மின்முனைகள் உள்ள அறைக்குள்ளேயே தண்ணீர் வருவதால் உடனே எம்சிபியை இறக்குங்கள். கேஸ்கெட்டை மாற்றினால் போதும், எலிமென்ட் நன்றாக இருந்தால். ஃபிளான்ஜைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் புதுக் கேஸ்கெட் போடுங்கள். போல்ட்டுகளை வட்டமாக வரிசையில் முறுக்காமல் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள்.

உடலே ஒழுகுகிறது. இணைப்புகள் எல்லாம் உலர்ந்திருக்கின்றன, ஆனால் வெளித்தகட்டின் அடிமடிப்பிலிருந்து பழுப்பு நீர் வருகிறது. உள் டேங்க் துளைத்துவிட்டது. வெல்டிங் வைத்தால் உள்ளே பூசிய கண்ணாடிப் பூச்சு கருகி உதிரும். பசை எதுவும் அழுத்தத்துக்கு நிற்காது. இன்றைக்கு ஒரு சொட்டுதானே என்று விட்டால் அது வெடிக்கும் நாள் வீட்டில் ஆளில்லாத நாளாக இருக்கும். தண்ணீரை மூடி, டேங்க்கைக் காலி செய்து, புதியது வாங்குங்கள்.

## அறிகுறி: கொதிநீரும் ஆவியும்

தெர்மோஸ்டாட் அணையவில்லை, கட்-அவுட்டும் வேலை செய்யவில்லை. எம்சிபியை இறக்குங்கள். டேங்க்கைத் தொடாமல் தானாக ஆறவிடுங்கள். பாதுகாப்பு வால்விலிருந்து ஆவி சீறினால் அறையை விட்டு வெளியேறுங்கள். இரண்டு பாகங்களையும் சேர்த்து மாற்றிய பிறகே மீண்டும் போட வேண்டும், அதுவும் டெக்னீஷியன் கையால்.

## அறிகுறி: உள்ளே சத்தம்

பொரிவது போல, கொப்பளிப்பது போலச் சத்தம் கேட்டால் எலிமென்ட்டைச் சுற்றி உப்புப் பாறை கட்டியிருக்கிறது. டேங்க்கைக் காலி செய்து, பச்சைத்தண்ணீரை உள்ளே விட்டு விட்டு அலசுங்கள். வடிகாலில் வெள்ளைச் சில்லுகள் வருவது நின்றதும் நிறுத்தலாம். ஒன்றுமே வராமல் சத்தம் மட்டும் தொடர்ந்தால் ஃபிளான்ஜைத் திறந்து சுரண்ட வேண்டும். குழாயை மூடும்போது மட்டும் தட்டென்று அடித்தால் அது நீர் அதிர்ச்சி, அழுத்தத்தைப் பாருங்கள்.

## அறிகுறி: நிறம், நாற்றம்

பச்சைத்தண்ணீரும் பழுப்பாக வந்தால் கட்டடத்தின் குழாய். சுடுநீர் மட்டும் பழுப்பு என்றால் ஹீட்டர், அல்லது அதிலிருந்து வரும் பழைய இரும்புக் குழாய். ஹீட்டரின் வடிகாலிலிருந்தே ஒரு வாளி பிடித்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

ஹீட்டர் என்றால் ஆனோடு ராடைப் பாருங்கள். பெரும்பாலும் மெக்னீசியத்தால் ஆனது. டேங்க்குக்குப் பதிலாகத் தான் அரிபட்டுத் தேய்வதே அதன் வேலை. புதிதில் கட்டைவிரல் பருமன் இருக்கும். தேய்ந்தபின் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சாம்பல் நிறத் துண்டுகள் ஒட்டிய வெறும் கம்பியாக நிற்கும். நடுக்கம்பி கண்ணில் பட்டாலே மாற்ற வேண்டும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள், கடின நீராக இருந்தால் வருடம் ஒருமுறை. கட்டடத்தில் சாஃப்ட்னர் (நீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் கருவி) வைத்தபின் படிவம் குறையும், ஆனால் ராடு முன்பைவிட வேகமாகக் கரையும். சாஃப்ட்னர் வந்தபின் ஹீட்டரை மறந்துவிடுகிறார்கள், அதனால் இதைச் சொல்கிறேன்.

சுடுநீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம் என்றால், தேங்கிய நீரில் வளரும் பாக்டீரியா அந்த ராடோடு சேர்ந்து செய்யும் வேலை. மாதக்கணக்கில் பூட்டிக்கிடந்த வீடுகளில் இது வரும். டேங்க்கைக் காலி செய்து நிரப்பி, 60 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் வைத்து, எல்லாச் சுடுநீர்க் குழாயிலும் எச்சரிக்கையாகத் திறந்துவிடுங்கள். திரும்ப வந்தால் அலுமினியம்-துத்தநாக ராடுக்கு மாறுங்கள். ராடே வேண்டாம் என்று பிடுங்கிவிட்டால் டேங்க் போய்விடும்.

மின்சாரத்தைச் சேமிக்க 45 டிகிரியில் வைத்துக்கொள்கிறோம் என்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 20 முதல் 45 டிகிரி வரை லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரக்கூடியது. அது நுரையீரலைத் தாக்கும். டேங்க்கில் 60 வைத்து, குழாயில் கலந்து பயன்படுத்துவதே பாதுகாப்பு. குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் சூட்டைத் தானே ஒரே அளவில் வைக்கும் தெர்மோஸ்டாட்டிக் மிக்சர் மாட்டுங்கள்.

## கேஸ் ஹீட்டர் என்றால்

இங்கே நீங்களாகச் செய்யக்கூடியது கேஸ் வால்வு திறந்திருக்கிறதா, பற்றவைக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டதா, தண்ணீர் வடிகட்டியில் அடைப்பா என்று பார்ப்பது மட்டும். நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக எரிந்தாலோ, சுற்றிலும் கரி படிந்தாலோ, குளிக்கும்போது தலைவலியோ மயக்கமோ வந்தாலோ கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வாசனை கிடையாது. அணைத்துவிட்டு வெளியே வாருங்கள். பல வீடுகள் ஒரே புகைபோக்கியில் விடும் கட்டடமானால் அந்த வரிசை முழுவதையும் தகுதிபெற்ற கேஸ் டெக்னீஷியன் சோதிக்க வேண்டும்.

## கட்டடத்துக்கே பொதுவான சுடுநீர் அமைப்பில்

எல்லா மாடியிலும் சூடில்லை: கொதிகலன் அறை. கடைசி மாடிகளில் மட்டும் நெடுநேரம் திறந்துவிட்ட பிறகு சூடு வருகிறது: சுழற்சி பம்ப் நின்றிருக்கிறது அல்லது காற்று அடைத்திருக்கிறது. ஒரே நெட்டுக்குழாயில் உள்ள வீடுகளில் மட்டும் வெதுவெதுப்பு: அந்த வரிசையில் ஏதோ ஒரு வீட்டு மிக்சர் பச்சைத்தண்ணீரை ஊடுருவ விடுகிறது. மேலே சொன்ன வால்வு மூடும் சோதனையை வீடு வீடாகச் செய்ய வேண்டியதுதான்.

## மாற்றுவதா, பழுது பார்ப்பதா

சேமிப்பு ஹீட்டர்கள் பொதுவாக 8 முதல் 12 வருடம் உழைக்கும். ஐந்து வருடத்துக்குள் எலிமென்ட், தெர்மோஸ்டாட், கேஸ்கெட் போனால் பாகத்தை மாற்றுங்கள். பத்தைத் தாண்டியதில் எலிமென்ட் இரண்டாம் முறை போனாலோ, சுடுநீர் பழுப்பாகத் தொடங்கினாலோ இன்னும் பணம் போடாதீர்கள். டேங்க் துளைத்திருந்தால் வயதைப் பார்க்கவே வேண்டாம்.

சங்கம் ஒரு பதிவேடு வைத்துக்கொள்வது நல்லது: வீட்டு எண், கொள்ளளவு, தகட்டில் உள்ள தயாரிப்பு வருடம், ஆனோடு மாற்றிய தேதி. ஒரே வருடத்து டேங்க்குகள் இரண்டு துளைத்ததும் மற்ற வீட்டுக்காரர்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஒரு நெட்டுக்குழாயில் உள்ளவர்கள் சேர்ந்து மாற்றினால் பொதுத் தண்ணீரை ஒருமுறை மூடினால் போதும். அப்போதே மூடாத பழைய கேட் வால்வுகளை எடுத்துவிட்டுப் பால் வால்வு (உருண்டை வால்வு) போட்டுவிடலாம்.

பெரிய ஹீட்டராக மாற்ற நினைப்பவர்கள் இரண்டைப் பாருங்கள்: வயர் அந்த ஆம்பியரைத் தாங்குமா, சுவர் அந்த எடையைத் தாங்குமா. ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 2 முதல் 4 யூனிட் வரை சூடு தரும், ஆனால் காற்றோட்டமும் வடிகாலும் வேண்டும். மூடிய குளியலறைப் பரணுக்கு அது ஆகாது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே மாட்டுவதானால் அடியில் வடிகாலுடன் கூடிய தட்டு கட்டாயம்.

மாட்டிய பிறகு சுடுநீர்க் குழாயைத் திறந்து, காற்று சீறுவது அடங்கித் தண்ணீர் சீராக விழும்வரை ஸ்விட்சைத் தொடாதீர்கள். முதல் தடவை சூடேறி அணையும்வரை பக்கத்திலேயே இருங்கள். மறுநாள் டிஷ்யூ சோதனையை மறுபடி செய்யுங்கள்.

பழைய ஹீட்டரை லிஃப்டில் இறக்கும் முன் முழுதாக வடித்துவிடுங்கள். வடித்த பிறகும் படிவத்தால் கனமாகத்தான் இருக்கும், இருவர் பிடிக்க வேண்டும். தூக்கிப் போடுவதற்கு முன் ஃபிளான்ஜைக் கழற்றி, ராடு எவ்வளவு மிச்சம், படிவம் எத்தனை விரற்கடை என்று படம் எடுத்துப் பதிவேட்டில் சேர்த்துவிடுங்கள். அதே வருடத்து மற்ற ஹீட்டர்களை எப்போது திறந்து பார்க்க வேண்டும் என்பதை அந்தப் படத்தை வைத்தே முடிவு செய்யலாம்.